ஐஸ் ஆலைக் கல்லும் எதிரீட்டுத் தீர்வையும்

பெப்ரவரி 3, செவ்வாய்

விடிய மழை. பிறகு வெயில். மறுபடி தூறல். வாவியில் மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை, நண்டு வரத்துக் குறைவு. பிரிண்டருக்கு மை இல்லை. களுவாஞ்சிக்குடிக் கடையில் அந்த வகை கிடையாதாம், மட்டக்களப்பு டவுனுக்குத்தான் போகவேண்டும்.

கொழும்புச் சட்டத்தரணியின் மின்னஞ்சல். எங்கள் நண்டு ஏற்றுமதியாகிற நாட்டின் வர்த்தக அமைச்சு இரண்டாம் தரமும் கேள்வி அனுப்பியிருக்கிறது. முதல் தரம் வந்த கேள்விகளுக்கே நானும் முதலாளி நஸீர் ஹாஜியாரும் டிசம்பர் முழுதும் உட்கார்ந்து பதில் எழுதினோம். அரசாங்கம் தந்த மலிவுக் கடன்? இல்லை. இலவசக் காணி? இல்லை. இயந்திரம்? இல்லை. இல்லை இல்லை என்று எழுதி எழுதி எனக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் யாரிடமும் கை நீட்டாத ஒரே கம்பனி எங்கள் நண்டுக் கம்பனிதான் என்று.

இன்றைய கடிதத்தோடு ஒரு படம். எங்கள் ஐஸ் ஆலைச் சுவரில் இருக்கிற கறுப்புக் கல். பொன்னெழுத்து பளிச்சென்று தெரிகிறது. "கௌரவ இராஜாங்க அமைச்சர் அவர்களின் நிதியொதுக்கீட்டில் அமைக்கப்பட்ட ஐஸ் ஆலை." கீழே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு. அதற்குக் கீழே கேள்வி: இதை ஏன் உங்கள் பதிலில் குறிப்பிடவில்லை?

படம் எங்கிருந்து போனது என்று தேடினேன். அதிக நேரம் பிடிக்கவில்லை. கல்லில் உள்ள அந்த அமைச்சர் ஐயாவின் முகநூல். மாலை போட்டு நிற்கிறார், பக்கத்தில் ஹாஜியார் பல் தெரியச் சிரிக்கிறார்.

வழக்கு என்னவென்று தம்பி குகனுக்கு நேற்று போனில் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், சொல்லும்போதுதான் எனக்கே தெளிந்தது. அந்த நாட்டில் நண்டு இறைச்சி விற்பவர்கள் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். எங்கள் அரசாங்கம் எங்களுக்கு மானியம் கொடுக்கிறதாம், அதனால்தான் எங்கள் நண்டு மலிவாம், அவர்கள் நொடித்துப் போகிறார்களாம். உண்மையென்று கண்டால், எங்களுக்குக் கிடைத்த மானியம் எவ்வளவோ அவ்வளவையும் அவர்கள் துறைமுகத்தில் வரியாகப் போட்டுச் சமன்செய்வார்கள். அதுதான் எதிரீட்டுத் தீர்வை. உலக வர்த்தக விதியில் அதற்கு இடம் இருக்கிறது. அப்படி வந்தால் எங்களிடம் வாங்கமாட்டோம் என்று வாங்குகிற கம்பனி சொல்லிவிட்டது. எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. மூடவேண்டியதுதான். நண்டு உடைக்கிற பெண்கள் நூற்றுக்கு மேல். பிறகு நான்.

படத்தைப் பார்த்த ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இந்தக் கல்லுக்கா தங்கச்சி இவ்வளவும்?" என்றார்.

கல்லின் கதை ஊரறிந்தது. ஓட்டமாவடிப் பக்கம் வட்டையில் இருந்த தன் வயற்காணியை விற்று, மிச்சத்துக்கு வங்கியில் எல்லாரையும் போல வட்டிக்கு எடுத்து அவர் வாங்கிய இயந்திரம். திறக்க ஐயாவைக் கூப்பிட்டார். கல்லில் என்ன எழுதவேண்டும் என்று ஐயாவின் கந்தோரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. அப்படியே வெட்டுவித்தார். கல்லுக்கும் கூலிக்கும் ஹாஜியாரின் காசுதான். இங்கே கிணறு வெட்டினாலும் கல் உண்டு. வெட்டினவன் பெயர் இருக்காது, முதல் வாளி அள்ளிக் காட்டினவர் பெயர் இருக்கும். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் கதிரை போடுகிற மாதிரி. கடல் தாண்டி ஒருவன் அதை எழுத்துக்கூட்டி வாசிப்பான் என்று யார் கண்டது?

(ஹாஜியார் என்று ஒவ்வொரு தரமும் எழுத அலுப்பு. இனி ஹா.)

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தின விடுமுறை. டீவியில் காலையிலிருந்து அணிவகுப்பு. வீட்டுக்காரர் விடியவே வயலுக்கு, அறுவடை மெசின் இன்றைக்குத்தான் எங்கள் வயல் வரவைக்குக் கிடைத்தது. புழுங்கல் காய்ந்துவிட்டது, மாவு சலிக்கவேண்டும்.

குகன் மத்தியானம் வந்தான். கணவாய்க் கறி, தயிர். ஐயாவின் இணைப்புச் செயலாளர் ஆன பிறகு நடை, வெள்ளைச் சட்டை, போன் இரண்டு, எல்லாம் மாறிவிட்டது. வரும் வரும் என்கிற தேர்தல் வந்துவிடும் போலிருக்கிறது, கையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம். ஐயா செய்தவை என்று ஒரு பட்டியல். அதில் நாலாவதோ ஐந்தாவதோ எங்கள் ஐஸ் ஆலை.

நான் தரவில்லை என்று ஐயா வாயால் சொல்லவேண்டி வரலாம் என்றேன். சாப்பிட்ட கை அப்படியே நின்றது.

"அக்கா, அது ஐயா செய்ததெண்டு ஊரே சொல்லுது. இப்ப போய் இல்லையெண்டா, மத்ததெல்லாம் உண்மையாண்டு கேப்பாங்க."

மற்றதெல்லாம் உண்மையா என்று நான் கேட்டேன். அவன் தயிரைப் போட்டுக்கொண்டான்.

போகும்போது ஒரு பிரசுரத்தை மேசையில் விட்டுவிட்டுப் போனான். மறந்ததா, வேண்டுமென்றா தெரியாது. மாவு சலிக்கும்போது கீழே விரித்தேன்.

பெப்ரவரி 6, வெள்ளி

நல்ல வெயில். மை வாங்கியாயிற்று.

காலையில் கம்பனிக்குள் கால் வைக்க முன்னமே உளிச் சத்தம். ஹா. மேசனைக் கூட்டிவந்து கல்லைக் கழற்ற ஆயத்தம். ஓடிப்போய் நிறுத்தினேன். சட்டத்தரணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்த மனுசி இதுவரை ஒரு நாளும் குரல் உயர்த்தினதில்லை, இன்றைக்குக் கத்தினார். படம் அவர்கள் கையில். இப்போது கல் இல்லையென்றால் அதைவிட மோசமாம். தொடவே கூடாதாம். மேசனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினோம்.

சட்டத்தரணி சொன்னவை, மறக்காமல்:

எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்தது பிரச்சினையில்லை. மீனவருக்கெல்லாம் மண்ணெண்ணெய்ச் சலுகை, பரவாயில்லை. உங்களுக்கு மட்டும் என்று கொடுத்தால்தான் பிடிப்பார்கள்.

எங்களைப் போன்ற நாட்டுக்கு, எல்லாம் கூட்டிப் பார்த்துப் பொருளின் பெறுமதியில் இரண்டு சதவீதத்துக்குக் கீழே என்றால் தீர்வை இல்லை. ஐஸ் ஆலை சேர்ந்தால் இரண்டைத் தாண்டும்.

கேட்டதை மறைத்தால், பிறகு அவர்கள் எங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்கள். எது எங்களுக்கு ஆகக் கூடாதோ அதையே உண்மையென்று எடுத்துக் கணக்குப் போடுவார்கள்.

வங்கிக் கடதாசி இருக்கிறதே என்றேன். அது ஹா. காசு கட்டினார் என்பதற்குத்தான் சாட்சியாம், பின்னால் அமைச்சர் அதைத் திருப்பிக் கொடுத்தார் என்று அவர்கள் சொன்னால்? கல்லில் பெயர் உள்ளவர் தன் வாயால் மறுக்கவேண்டும். இரண்டு அதிகாரிகள் நேரில் பார்க்க வருகிறார்கள், 24ஆம் திகதி. அவர்கள் முன்னால் சொல்லவேண்டும்.

ஹா. ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். வரும்போது முகம் கழுவின மாதிரி இருந்தது, ஆனாலும் சாப்பிடவில்லை.

உடைக்கிற அறையில் செய்தி போய்விட்டது. தண்ணீர்க் குழாயடியில் கேட்டது: "கல்லால கம்பனி மூடப்போகுதாம்கா." பூமணி அக்கா என்னிடம் நேரே வந்து கேட்டார். அந்த அறைக்கு மேற்பார்வை அவர்தான். கையுறையைக் கழற்றாமலே நின்றார். நடந்ததைச் சொன்னேன். ஐயாவிடம் யார் போய்க் கேட்பது என்றார். தெரியாது என்றேன். "நாங்க போறம். நீங்களும் வாங்க மிஸ்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெப்ரவரி 9, திங்கள்

பனி. பஸ் பிந்தியது. செருப்பு அறுந்து ஒரு காலில் இழுத்துக்கொண்டு கந்தோருக்கு.

புதுக் கேள்விகளில் ஒன்பதாவது: மின்சாரம், தண்ணீர், பாதை எதையும் மற்றவர்கள் கொடுக்கும் கட்டணம் இல்லாமல் பெற்றீர்களா? இல்லை என்று அடித்துவிட்டு ஹா. கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் பேனையை எடுக்கவில்லை.

பின்னால் நிற்கிற ட்ரான்ஸ்போமர். பிரதான வீதியிலிருந்து அதுவரை வருகிற லைன். கம்பத்துக்கும் கம்பிக்கும் கம்பனி கட்டவேண்டியது பெரிய தொகை. ஒரு சதமும் கட்டவில்லையாம். ஐயா ஒரு போன் போட்டாராம், லைன் வந்ததாம்.

அப்படியானால் கல்? கல் லைனுக்காக. லைனுக்குக் கல் வைக்க ஏலாது, ஐஸ் ஆலைக்கு வைத்தால் படம் எடுக்க வடிவாக இருக்கும் என்று ஐயாவின் ஆட்கள் சொன்னார்களாம்.

ஆக, தராததைத் தந்ததாகக் கல்லில் எழுதியிருக்கிறது. தந்தது எங்கேயும் எழுதியில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே ஆத்திரமும் வந்தது. டிசம்பர் முழுக்க இவர் முன்னால் உட்கார்ந்து இல்லை இல்லை என்று எழுதினேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கேட்டேன். அதை அவர் உதவியென்றே நினைக்கவில்லையாம். கல் வைத்தார், லைன் எடுத்தார், கடன் தீர்ந்தது என்று இருந்தாராம்.

சட்டத்தரணி: லைனைச் சொல்லியே ஆகவேண்டும். அது மட்டும் சேர்ந்தாலே இரண்டுக்கு மேலே போய்விடுமோ என்று பயமாம், கணக்குப் பார்த்துச் சொல்கிறாராம்.

"நானில்லை" என்று ஒருவரைச் சொல்லவைக்க அலைகிற நேரத்தில் "நான்தான்" என்று இன்னொன்று. நல்லா இருக்குது.

பெப்ரவரி 12, வியாழன்

வேலை முடிந்து ஒரு வேன் பிடித்து ஐயா வீட்டுக்கு. பூமணி அக்காவோடு பதினைந்து இருபது பேர். குளித்து, சேலை மாற்றி வந்தும் எங்கள் மேல் நண்டு வாசம். குகன் கேற்றடியில் நின்று என்னை முறைத்தான். வீட்டுக்குள் விடமாட்டானோ என்று பயந்தேன், ஆனால் கதிரை எடுத்துப்போட்டது அவன்தான்.

ஐயா மரியாதையான மனிதர், அதை மறுக்க முடியாது. எல்லாருக்கும் சோடா. நான் விதிகளைச் சொன்னேன். இரண்டு சதவீதம், அதிகாரிகள், எல்லாம். தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, தங்கச்சிமார் யோசிக்கவேண்டாம், தேர்தல் முடியட்டும், பிறகு எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றார். அதற்குள் எங்களை மூடிவிடுவார்கள் என்றேன். புதுத் தொழிற்சாலை ஒன்று கொண்டுவரப் பேசுவதாகச் சொன்னார். வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று சோடாவைக் குடித்தேன்.

பூமணி அக்கா எழும்பினார்.

"ஐயா, என்ட மகள் போன வருசம் கட்டாருக்குப் போனவள், வீட்டுவேலைக்கு. இந்தக் கம்பனியும் இல்லையெண்டா நானும்தான் போகணும். நீங்க எங்களுக்கு அதச் செஞ்சன், இதச் செஞ்சன் எண்டு சொல்லித்தான் வோட்டுக் கேட்டீங்க, நாங்களும் போட்டம். இந்தத் தரம் ஒண்டும் செய்யல்லெண்டு சொல்லுங்க. அதுக்கும் போடுறம்."

சிரிப்பு வரவில்லை ஒருவருக்கும். ஐயா குகனைப் பார்த்தார். குகன் போனைப் பார்த்தான்.

கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. ஐஸ் ஆலை தன்னுடையது இல்லை என்று சொல்வாராம். ஆனால் லைன் தான் எடுத்துக் கொடுத்தது என்று கட்டாயம் சொல்வாராம். வெறுங்கையோடு நிற்கிற ஆளாக ஊர் தன்னைப் பார்க்கக்கூடாதாம். உண்மைதானே தங்கச்சி என்றார். உண்மைதான்.

வேனில் எல்லாரும் வென்றுவிட்ட மாதிரிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் லைனை இரண்டு சதவீதத்தோடு கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. விரதம். கோயிலுக்குப் போகவில்லை, தலையிடி. குகன் ஒவ்வொரு வருடமும் வருவான், இன்றைக்கு வரவில்லை. குறுஞ்செய்தி மட்டும்: "ஐயா என்னோட கதைக்கிறேல்ல. சந்தோசமா?"

பதில் எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன். சாப்பிட்டியா என்று மட்டும் அனுப்பினேன்.

பெப்ரவரி 19, வியாழன்

நோன்பு தொடங்கிவிட்டது. ஹா. உதடு காய்ந்து கிடக்கிறார். அவர் முன்னால் தேத்தண்ணீர் குடிக்க எனக்கு வெட்கம், குசினிப் பக்கம் போய்க் குடித்தேன்.

காலையில் நல்ல செய்தி. சட்டத்தரணி கேட்டார்: அந்த லைனில் உங்கள் கம்பனி மட்டுமா? இல்லையே என்றேன். பின் ஒழுங்கையில் நாற்பது ஐம்பது வீடு, பிள்ளையார் கோயில், மா அரைக்கிற மில், எல்லாம் அதில்தான். பூமணி அக்கா வீடும் அங்கேதான். சட்டத்தரணியின் குரல் மாறிவிட்டது. ஊருக்கெல்லாம் பயன்படுகிற பாதை, பாலம், மின்சாரம் எல்லாம் பொது வசதி. பொது வசதியை மானியமென்று எடுக்கமாட்டார்கள். லைன் கணக்கிலிருந்து போய்விடும். அதுவும் போனால் நாங்கள் இரண்டுக்கு நன்றாகக் கீழே.

துள்ளிக்கொண்டு போய் ஹா.விடம் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

லைன் வந்தவுடன் அந்த வீடுகளெல்லாம் மின்சாரத்துக்கு விண்ணப்பம் போட்டன. ஒரு வருடத்துக்கு மேல் கிடைக்கவில்லை. மின்சாரக் கந்தோர்க்காரரின் சோம்பேறித்தனம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். பெண்கள் போய் வாசலில் குந்தியிருந்த பிறகுதான் இணைப்பு வந்தது. அது எனக்கும் தெரியும். தெரியாதது: கொடுக்கவேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர் ஹா. வீடுகள் சேர்ந்தால் அழுத்தம் குறையும், ஃபிரீசர் நின்றுபோகும், ஒரு இரவில் அவ்வளவு நண்டும் பழுதாகும். அந்தப் பயம்.

அந்தப் பெண்கள் அவர் கொடுக்கிற நோன்புக் கஞ்சியை வருடா வருடம் வாளியில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்.

சட்டத்தரணிக்குச் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் யோசித்துவிட்டு, இது கெட்டது இல்லை என்றார். அந்த வீடுகளில் பாதிக்கு மேல் எங்கள் தொழிலாளர். லைன் கம்பனியுடையது, தன் ஆட்களுக்குத் தானே பிரித்துக் கொடுத்தது என்று அதிகாரிகள் சந்தேகப்படுவார்கள். முதலாளி எதிர்த்தும் கந்தோர் கொடுத்தது என்றால் அந்த லைன் முதலாளியுடையது இல்லை, ஊருடையது. அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கேட்டால் அவர் சொல்லவேண்டும்.

"அத மட்டும் கேக்காதீங்க தங்கச்சி. அந்தப் புள்ளைகள்ற முகத்த நான் நாளைக்குப் பாக்கணும்" என்றார் ஹா.

சொல்லாவிட்டால் பார்க்க அவர்களே இருக்கமாட்டார்கள் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். நோன்பாளியிடம் அப்படிக் கதைத்திருக்கக் கூடாது. ஆனால் சொன்னது சரி.

குகனுக்குத் தகவல் அனுப்பினேன்: லைன் ஊருக்கு எடுத்துத் தந்தது என்று ஐயா சொல்லட்டும். கம்பனிக்கு மட்டும் என்ற பேச்சே வரக்கூடாது. இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை.

பெப்ரவரி 24, செவ்வாய்

வந்துவிட்டார்கள். உயரமான ஒரு பெண், சத்தமில்லாத ஒரு ஆண், கொழும்பிலிருந்து தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். காலை முதல் பின்னேரம் வரை புத்தகங்கள். ஒரு பேப்பரைக் கேட்டால் அதற்கு முந்தின பேப்பர், அதற்கும் முந்தினது. அலுக்காத மனிதர்கள். சட்டத்தரணி என் பக்கத்தில்.

செவ்விளநீர் வெட்டி வைத்தோம். தொடவில்லை. பிஸ்கட்டும் தொடவில்லை. தங்கள் தண்ணீர்ப் போத்தல், தங்கள் வாழைப்பழம். யாரிடமும் ஒன்றும் வாங்கக்கூடாதாம். விதி. பூமணி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, பாவங்கள், பசியோட இரிக்குதுகள் என்றார்.

நாளைக்கு ஐஸ் ஆலை. ஐயா பத்து மணிக்கு.

சேலை அயர்ன் பண்ணவேண்டும்.

பெப்ரவரி 25, புதன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஐயா பதினொன்றுக்குத்தான் வந்தார். மூன்று வாகனம், ஒரு பெட்டி மாலை. அதிகாரிகள் மாலையை வாங்கவில்லை. யாருக்குப் போடுவதென்று தெரியாமல் குகன் பெட்டியோடு நின்றான். உடைக்கிற அறைக் கதவைத் திறந்துவைத்துப் பெண்களெல்லாம் தொப்பியோடும் பூட்ஸோடும் நிற்கிறார்கள்.

கல்லுக்கு முன்னால் அந்தப் பெண் அதிகாரி நேராகக் கேட்டார். இந்த ஆலைக்கு அரசாங்கப் பணம் கொடுத்தீர்களா? ஐயா கல்லைப் பார்த்தார். கதவடியில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"ஒரு சதமும் குடுக்கல்ல. ஹாஜியார்ட சொந்தக் காசு. கல்லு ஒரு மரியாதைக்கு வச்சது."

சொல்லிவிட்டார். தன் ஆட்கள் முன்னால், போன்களெல்லாம் வீடியோ எடுக்க, சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் முதல் தடவையாக ஒரு மதிப்பு வந்தது. அது ஒரு நிமிடம் நிலைக்கவில்லை. மின்சாரம் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி. கல்லை இழந்த மனிதர் கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடித்தார். அது தான்தான் என்றார். இந்தக் கம்பனிக்கு மட்டுமென்று விசேஷமாக எடுத்துக் கொடுத்ததாம். வேறு யாருக்கும் இப்படிச் செய்ததில்லையாம்.

மட்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே ஒரு கிழமையாகச் சாகிறேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அந்த ஆண் எழுதிக்கொண்டிருந்தார். சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார்.

பூமணி அக்கா வெளியே வந்தார், கையில் கையுறையோடு. அவங்களுக்கு மட்டும் என்றால் எங்கள் வீட்டில் எரிவது என்ன ஐயா என்று கேட்டார். கோபமாக இல்லை, சும்மா ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி. மொழிபெயர்ப்பாளர் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போய்ப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

பின் ஒழுங்கை. உச்சி வெயில், மணல். முன்னால் அதிகாரிகள், பிறகு ஹா., நான், சட்டத்தரணி, எங்களுக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும். ஐயா வரவில்லை, வாகனத்தில் ஏறிவிட்டார். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மீற்றரைப் படம் எடுத்தார்கள். மில்லில் படம். பிள்ளையார் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படம். பூமணி அக்கா வீட்டில் ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ். மகள் அனுப்பினது என்று தானாகவே சொன்னார்.

அங்கே, அவர் வாசலில், பெண் அதிகாரி ஹா. பக்கம் திரும்பினார். இவர்கள் உங்கள் தொழிலாளர். இந்த இணைப்பை இவர்களுக்கு நீங்கள்தானே கொடுத்தீர்கள்?

ஓம் என்றால் அவர் நல்லவர். ஊரே கேட்டுக்கொண்டு நின்றது. ஓம் என்றால் கம்பனி போனது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துத் திரும்பப் போட்டார். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவும் ஏலாது, நோன்பு.

"நான் குடுக்கல்ல. குடுக்க வேணாமெண்டு எழுதிக் குடுத்ததே நான்தான். ஃபிரீசர் நிண்டு போகுமெண்டு பயந்தன். ஒரு வருசத்துக்கு மேல இவங்க இருட்டில இரிந்தது என்னால. பிறகு இவங்களாத்தான் சண்டை புடிச்சு எடுத்தாங்க."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தடுமாறிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். அதற்கு முன்னமே அது தமிழில் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஆண் எழுதி முடிக்கும்வரை எல்லாரும் நின்றோம். அந்த எதிர்ப்புக் கடிதத்தின் பிரதியை மின்சாரக் கந்தோரிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்றார்.

அவர்கள் போன பிறகு சட்டத்தரணி என் கையைப் பிடித்துக்கொண்டார். கணக்கிலிருந்து ஐஸ் ஆலையும் போய்விட்டது, லைனும் போய்விட்டது, இனி இரண்டைத் தொட வழியே இல்லை, தீர்ப்புக் கடதாசியாக வருவது மட்டும்தான் மிச்சம் என்றார். நான் சந்தோசப்படவேண்டும்.

ஐந்து மணிக்குப் பெண்கள் வெளிக்கிட்டார்கள். எப்போதும் கந்தோர் வாசலில் நின்று, போயிட்டு வாறம் ஹாஜியார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு மற்றக் கேற்றால் போனார்கள். கஞ்சி வாளி அப்படியே இருந்தது.

குகன் போன் எடுத்தான். ஐயா அவனை வரவேண்டாம் என்றுவிட்டாராம். மாலைப் பெட்டி அவன் மோட்டார் சைக்கிளில் இருக்கிறதாம், என்ன செய்வது என்று கேட்டான். கோயிலில் கொடு என்றேன். அழுகிறானோ என்று நினைத்தேன். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

பெப்ரவரி 26, வியாழன்

காற்று. வாவியில் அலை. வேளைக்கே போனேன், அவர்கள் வரமாட்டார்களோ என்று பயம்.

வந்தார்கள். எல்லாரும். தொப்பி போட்டு, கை கழுவி, வழக்கமான இடங்களில் உட்கார்ந்தார்கள். நண்டும் இன்றைக்கு நல்ல வரத்து.

சட்டத்தரணி சொன்னதை அவர்களுக்குச் சொல்லுங்கள் தங்கச்சி என்றார் ஹா. நீங்களே சொல்லுங்கள் என்றேன். அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை. தீர்வை பெரும்பாலும் வராது, கம்பனி நடக்கும், ஒருவருக்கும் வேலை போகாது என்றார். ஒருவரும் தலை நிமிரவில்லை. ஓடு உடைகிற சத்தம் மட்டும்.

பூமணி அக்கா கத்தியை நிறுத்தாமல், நிமிராமல் சொன்னார்.

"ஹாஜியார், அந்த இருட்டு வருசம்தான் கட்டாருக்குப் போன என்ட மகள் பள்ளிக்கூடத்தில ஓ.எல். சோதின எழுதினவள்."

அவர் வாசலிலேயே நின்றார். நான் நண்டு நிறுக்கப் போனேன்.